சிவப்பு உடுப்புச் சீமாட்டி: ஓவியத்தைச் சான்றாகப் படிப்பது எப்படி?



வரலாற்றுத் தாளில் ஓர் ஓவியத்தைக் கொடுத்து, "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டால் பலரும் ஒரே இடத்தில் சறுக்குவார்கள். எந்த இடம் என்று பார்ப்போமா?

இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் உள்ள ஹேர்வுட் மாளிகையில் ஒரு முழு உருவ ஓவியம் இருக்கிறது. ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1776 வாக்கில் தீட்டியது. சிவப்புக் குதிரையேற்ற உடுப்பு, இறகு வைத்த கறுப்புத் தொப்பி, கையில் சவுக்கு. இவர்தான் வொர்ஸ்லி சீமாட்டி. 1775இல் சர் ரிச்சர்ட் வொர்ஸ்லியை மணந்தவர்.

1781 நவம்பரில் இவர் கேப்டன் ஜார்ஜ் பிஸெட்டுடன் வீட்டைவிட்டுப் போய்விட்டார். கணவர் சும்மா இருப்பாரா? பிஸெட்மீது 20,000 பவுண்டு இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். 1782 பிப்ரவரியில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு முன்னிலையில் விசாரணை நடந்தது. அங்கேதான் கதை திரும்பியது. மெய்ட்ஸ்டோன் குளியல் இல்லத்தில் மனைவி இருந்தபோது, கணவரே பிஸெட்டைத் தூக்கிப் பிடித்துச் சன்னல் வழியாகப் பார்க்க வைத்தாராம்! ஜூரிகள் கொடுத்த இழப்பீடு எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு ஷில்லிங்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஓவியத்தைப் பாருங்கள். "ஆணவம் பிடித்த பெண், சிவப்பே அதற்குச் சாட்சி" என்று எழுதத் தோணுதா? அவசரப்படாதீங்க! ஆண்டைக் கவனியுங்கள். ஓவியம் முந்தியது, வழக்கு பிந்தியது. அந்தச் சிவப்பும் கணவரின் ஹாம்ப்ஷர் குடிப்படைச் சீருடையைத் தழுவியதுதான். ரெனால்ட்ஸ் கணவரையும் அதே படையின் சீருடையில் வரைந்திருக்கிறார். ஆக, ஓவியம் காட்டுவது ஒரு தம்பதியின் பெருமிதம். அவதூறை அதில் ஏற்றியது பின்னால் வந்த நம் கண்.

இன்னொன்றும் உண்டு. அக்காலச் சட்டப்படி இவ்வழக்கு இரண்டு ஆண்களுக்கு இடையிலானது. மனைவி அதில் ஒரு தரப்பே அல்ல. தன் பக்கத்தைச் சாட்சிக்கூண்டில் ஏறிச் சொல்லவும் முடியாது. இவர் கொண்டுவந்த சொத்தும் கணவர் கையில். 1805இல் கணவர் இறந்த பிறகுதான் அது திரும்பக் கிடைத்தது. மணமான பெண்கள் தங்கள் பெயரிலேயே சொத்து வைத்துக்கொள்ள இங்கிலாந்தில் முழுமையான சட்டம் வந்தது 1882இல், அதாவது அந்த விசாரணைக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து.

மாணவர்களே, விடை எழுதும்முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். சான்று எப்போது உருவானது? கண்ணால் காண்பது எது, நாமாகச் சேர்ப்பது எது? யாருடைய குரல் இதில் இல்லை?

ஆசிரியர்கள் வகுப்பில் முதலில் ஓவியத்தை மட்டும் காட்டி எழுதச் சொல்லுங்கள். பிறகு கதையைச் சொல்லி மறுபடியும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாடம் புரிந்துவிடும்.