கிளிக் சத்தம்: பக்-ஆ, ஃபீச்சரா? ஹேமண்ட் ஆர்கனின் கதை

இந்த எபிசோட் ஒரு பரீட்சையில் ஆரம்பிக்குது.

1937. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராக்ஃபெல்லர் சேப்பல். உயரமான கல் கட்டடம். உள்ளே ஸ்கின்னர் கம்பெனி கட்டின பிரம்மாண்டமான பைப் ஆர்கன், அந்தக் காலத்து விலை 75,000 டாலர். அதோடு போட்டிக்கு நின்றது மேஜை சைஸில் ஒரு கரண்ட் பெட்டி. ஒரு குழாய்கூடக் கிடையாது. பேர் ஹேமண்ட் ஆர்கன். அதன் ஸ்பீக்கர்களை பைப் ஆர்கனின் குழாய்களுக்கு நடுவிலேயே மறைத்து வைத்திருந்தார்கள். கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் இசைக்கலைஞர்கள், பாதிப் பேர் மாணவர்கள். ஒவ்வொரு துண்டு வாசித்ததும், கேட்டது பைப்பா ஹேமண்டா என்று எழுதித் தரணும். அவ்வளவுதான் பரீட்சை.

ரிசல்ட்? மாணவர்கள் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி தப்பு. அதாவது காசைச் சுண்டிப் போட்டாலும் அதே மார்க்தான் வந்திருக்கும். இசைக்கலைஞர்களே மூணில் ஒரு பங்கு தப்பாச் சொன்னாங்க.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்னா, கேஸ். 10,000 டாலர் பைப் ஆர்கனுக்குச் சமம், எல்லையில்லாத டோன்கள் வரும்னு ஹேமண்ட் கம்பெனி விளம்பரம் பண்ணிட்டு இருந்தது. அது பொய்னு அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் புகார் போட்டது. பரீட்சையில் ஹேமண்ட் அசத்தியும் 1938-ல் வந்த உத்தரவு கம்பெனிக்கு எதிராத்தான் போச்சு. அந்த மாதிரி விளம்பரங்களை நிறுத்தணும். 'ஆர்கன்'ங்கிற பேர் மட்டும் தப்பிச்சது. ஆனா ஊர் முழுக்கக் கிடைச்ச பப்ளிசிட்டி? அதுக்குப் பைசா செலவில்லை.

இதை உருவாக்கின லாரன்ஸ் ஹேமண்டுக்கு ஆர்கன் வாசிக்கத் தெரியாது. கார்னெல்லில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்ச மனுஷன், தொழில் கடிகாரம் செய்றது. கரண்டின் ஹெர்ட்ஸோடு சேர்ந்து ஓடுற சின்க்ரனஸ் மோட்டார்தான் அவர் கைப்பழக்கம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடிகார வியாபாரம் படுத்தது. நடுவுல சீட்டுக்கட்டைத் தானே கலைத்துக் கொடுக்கிற மேஜைகூடச் செய்து வித்தார்! அப்புறம் ஒரு பழைய பியானோவை வாங்கி, கீபோர்டை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டார். காதுக்கு உதவி, கம்பெனி கணக்கைப் பார்த்த உதவிப் பொருளாளர். அவர் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர். 1934-ல் பேட்டன்ட், 1935-ல் மாடல் ஏ விற்பனைக்கு வந்தாச்சு.

உள்ளே என்ன இருக்குன்னு கொஞ்சம் பார்ப்போம், எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஒரு மோட்டார் 91 சின்ன இரும்புச் சக்கரங்களைச் சுத்துது. ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் மேடு பள்ளம். பக்கத்திலேயே காயில் சுத்தின காந்தம். மேடு காந்தத்தைக் கடக்கும்போதெல்லாம் காயிலில் கரண்ட் அசையும், அந்த அசைவுதான் ஸ்வரம். மேடுகளின் எண்ணிக்கையும் சக்கரத்தின் வேகமும் சேர்ந்து சுருதியை நிர்ணயிக்கும். மோட்டார் வேகம் மெயின்ஸ் கரண்டோடு பூட்டப்பட்டிருக்கிறதால சுருதி கலையவே கலையாது. ஒரு சைடு கணக்கு: அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பெட்டியை நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அப்படியே ஓட்டினா, மொத்த வாத்தியமும் மூணு அரைஸ்வரம் கீழே இறங்கிடும்.

டோனைக் கலக்க ஒன்பது டிராபார். இழுத்தா ஏறும், தள்ளினா இறங்கும், ஒவ்வொண்ணுக்கும் 0-லிருந்து 8 வரை அளவு. ஒன்பதை ஒன்பது தடவை பெருக்கினா சுமார் 38.7 கோடி காம்பினேஷன். பெரிய நம்பர்தான், எல்லையில்லாதது இல்ல. கமிஷன் பக்கம் நியாயம் இருக்கு.

சரி, அந்தப் பரீட்சையில் கேட்டவங்க ஏன் ஏமாந்தாங்க? என் கருத்து, பாதி மார்க் கட்டடத்துக்குச் சேரணும். கல் சுவரில் பட்டு எதிரொலிக்கும்போது எந்த ஒலிக்கும் ஒரு கம்பீரம் வந்துடும். இதே பாடத்தை வேற வழியில் கத்துக்கிட்டவர் டான் லெஸ்லி. ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஹேமண்டைக் கேட்டு மயங்கி, 1937-ல் ஒண்ணு வாங்கி வீட்டில் வெச்சார். சின்ன ரூமில் சப்புன்னு இருந்தது. அதே பெட்டிதான், எதிரொலிதான் இல்லை. கம்பெனி ஸ்பீக்கருக்குக் காசில்லாம தானே செய்யப் போய், ஸ்பீக்கரின் ஒலியைச் சுழல விட்டுப் பார்த்தார். ஒலி நம்மை நோக்கி வரும்போது சுருதி லேசா ஏறும், விலகும்போது இறங்கும். ஆம்புலன்ஸ் கடந்து போறப்போ கேட்போமே, அதேதான். உயிரில்லாத டோன் மூச்சு விட ஆரம்பிச்சது.

அதை எடுத்துக்கிட்டு ஹேமண்ட் கம்பெனிக்கே போனார். வேண்டாம்னுட்டாங்க. சும்மா வேண்டாம் இல்ல, லெஸ்லி ஸ்பீக்கரை விற்கக் கூடாதுன்னு டீலர்களுக்குத் தடை. அதை இணைக்க முடியாதபடி கனெக்டரையே மாத்தின கதையும் உண்டு. (சார்ஜர் போர்ட்டை மாத்துற கம்பெனிகளைத் திட்டுற நாம இங்க கொஞ்சம் சிரிச்சுக்கலாம்.) வாசிக்கிறவங்க கேட்கவே இல்லை. ஹேமண்ட் இருக்கிற மேடையில் லெஸ்லியும் இருந்தது.

இன்னொரு தகராறு கீ கிளிக். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒன்பது கான்டாக்ட். அழுத்தும்போது எல்லாம் ஒரே நொடியில் சேராது, 'டிக்'னு ஒரு சத்தம் வரும். சர்ச்சுக்கு விற்கப் பார்த்த இன்ஜினியர்களுக்கு அது குறை, குறைக்கத்தான் பாடுபட்டாங்க. ஜாஸ் காரங்களுக்கு அதுதான் தாளத்தின் கூர்மை. கட்டையை மெதுவா அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம் வர்ற வாத்தியத்துல, விரல் விழுந்த கணத்தைச் சொல்ற ஒரே அடையாளம் அது. நான் வேலை பார்க்கிற டீமில் யாராவது இதை டிக்கெட்டாப் போட்டிருந்தா, நானே 'பக்'னு ஃபிக்ஸ் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

வாசிக்க ஆசைப்படுறவங்களுக்கு, நான் பட்ட அடியிலிருந்து கொஞ்சம். ஒரு மிடி கீபோர்டு வாங்கி, ஹேமண்ட் சாஃப்ட்வேரைப் போட்டு, பியானோ மாதிரி வாசிச்சேன். கேவலமா இருந்தது. பியானோவில் பெடலை மிதிச்சா ஸ்வரம் தொங்கி நிக்கும். இங்கே விரலை எடுத்த கணமே நாதம் செத்துடும். அதனால அடுத்த விரல் விழுந்த பிறகுதான் முந்தின விரலை எடுக்கணும், ரெண்டு வாரம் அதை மட்டும் பழகுங்க. சத்தத்தை ஏத்தி இறக்குறது வலது காலின் வேலை. டிராபாரில் முதல் மூணை முழுசா இழுத்து மிச்சத்தை மூடுங்க, அதுதான் ஜிம்மி ஸ்மித்தின் டோனுக்குப் பக்கத்தில் வரும். லெஸ்லியை எப்பவும் வேகமாச் சுத்த விடாதீங்க. மெதுவில் வெச்சு, வாக்கியம் உச்சத்துக்கு ஏறும்போது மட்டும் தட்டுங்க. அது வேகம் பிடிக்கிற அந்த நடு நொடிகள்லதான் சுகமே.

கால் பெடல்? ஜிம்மி ஸ்மித் 1950-களில் ஒரு கிடங்கில் ஹேமண்டைப் போட்டுத் தனியாப் பழகினவர். பெடல்களின் படத்தைச் சுவரில் ஒட்டி வெச்சு அதைப் பார்த்தே வாசிச்சார், குனிஞ்சு காலைப் பார்க்கக் கூடாதுன்னு. 1956-ல் ப்ளூ நோட்டில் ரெக்கார்டிங் வந்தப்போ, ஹேமண்ட் விற்ற வாத்தியம் வேற, இவர் வாசிச்சது வேறன்னு ஆயிடுச்சு.

இன்னைக்கு அந்த சாஃப்ட்வேர்ல கீ கிளிக்குக்குன்னே ஒரு நாப் இருக்கு. இப்போ ரெண்டு துண்டு வாசிக்கிறேன், ஒண்ணுல நாப் ஜீரோ, இன்னொண்ணுல பாதி. எது எதுன்னு சொல்ல மாட்டேன். நீங்க எழுதி அனுப்புங்க.

[இரண்டு ஒலித்துணுக்குகள்]