துறைமுகமும் புகலிடமும்: அகதிகள் நிவாரணம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் என அங்கு ஆதிக்கஞ் செலுத்தியோரின் வரிசையும், 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டமையும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. ஆயின் அத்துறைமுகத்தின் பின்னிலத்திலே படையுமின்றிப் பொருளுமின்றி, உயிரை மாத்திரங் காத்துக்கொண்டு வந்து குடியேறிய மக்களின் வரலாறு நமது ஆய்வாளரின் கவனத்தை அந்த அளவுக்குப் பெற்றதில்லை. அவர்களுள் ஒரு பிரிவினரான மலையகத் தமிழ் அகதிகளின் அனுபவத்தை, இரண்டாம் உலக யுத்தகாலத்தில் மேற்கிந்தியாவிற் புகலடைந்த போலந்து நாட்டவரின் அனுபவத்தோடு ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வொப்பீடு வலிந்து செய்யப்படுவதன்று. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களுள் ஒன்று எரிந்தழிந்தது. அதே ஆண்டு யூலை மாதத்திலேயே குஜராத்தின் நவாநகர் சமஸ்தானத்துப் பாலாசடியில் போலந்துச் சிறுவர்களுக்கான முகாம் திறக்கப்பட்டது. ஒரே யுத்தம் இந்துமாக்கடலின் ஓரிடத்தைப் போர்முனையாகவும் பிறிதோரிடத்தைப் புகலிடமாகவும் ஆக்கியது.

அச்சிறுவர்கள் எவ்வாறு அங்கு வந்தனர்? 1939 செப்டெம்பரில் ஜேர்மனியும் சோவியத் ஒன்றியமும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டன. கிழக்குப் பகுதியிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் 1940, 1941ஆம் ஆண்டுகளிற் சைபீரியாவுக்கும் கசாக்ஸ்தானுக்கும் நாடுகடத்தப்பட்டனர். சோசலிசத்தின் பெயரால் நிகழ்ந்தது என்பதற்காக இக்கொடுமையை முற்போக்காளர் மூடிமறைத்தல் தகாது. 1941 யூலையில் ஏற்பட்ட உடன்படிக்கையின் பின்னரே அவர்கள் விடுதலை பெற்றனர். 1942இல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், படையினரும் குடிமக்களுமாக, ஈரானை அடைந்தனர். அங்கிருந்து குடிமக்கள் இந்தியா, கிழக்காபிரிக்கா, மெக்சிக்கோ, நியூசிலாந்து முதலிய நாடுகளுக்குப் பிரிந்து சென்றனர்.

நவாநகர் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜயசிங்ஜி தமது கோடைக்கால மாளிகைக்கு அண்மையிற் சிறுவர்களுக்கு இடமளித்தார். ஏனைய மன்னர்களும் வணிகரும் நன்கொடை வழங்கினர். மன்னரைத் தந்தையெனப் பொருள்படும் ‘பாபு’ என்ற பெயரால் அச்சிறுவர்கள் நினைவுகூர்ந்து வந்தனர். அவரது ஈகை போற்றுதற்குரியதே. எனினும் தனிமனிதக் கருணையால் மாத்திரம் இவ்வரலாற்றை விளக்கிவிட இயலாது. கோலாப்பூருக்கு அண்மையிலுள்ள வலிவடேயில் 1943இல் தொடங்கிய முகாமே இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது. ஏறத்தாழ 5,000 போலந்து நாட்டவர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், அங்கு வாழ்ந்தனர். தாய்மொழிப் பாடசாலைகள், தேவாலயம், சாரணர் இயக்கம், நாடக அரங்கு ஆகியன அங்கு இயங்கின. இலண்டனிலிருந்து செயற்பட்ட புலம்பெயர் போலந்து அரசாங்கம் முகாமின் செலவைப் பொறுப்பேற்றிருந்தது. அகதிகள் உணவுக்குக் கையேந்துவோராக அன்றி, தமது கல்வியையும் பண்பாட்டையும் தாமே நடத்துவோராக வாழ்ந்தமை இதனாலேயே சாத்தியமாயிற்று.

யுத்தம் முடிந்தபின் சிலர் போலந்துக்குத் திரும்பினர். பலர் பிரித்தானியாவிலும் பிற நாடுகளிலும் குடியேறினர். பிரித்தானியா 1947இல் நிறைவேற்றிய போலந்தியர் மீள்குடியேற்றச் சட்டம் பலருக்கு வழிசெய்தது. முகாம்களில் வளர்ந்த தலைமுறையினர் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, நினைவுக்குறிப்புகளையும் ஆவணங்களையும் தொகுத்து நூலாக வெளியிட்டனர். இன்று வார்சாவில் ஒரு சதுக்கம் ‘நல்ல மகாராஜா’வின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தமது வரலாற்றைத் தாமே எழுதியதன் மூலம் அம்மக்கள் நன்றியையும் உரிமையையும் ஒருங்கே பதிவுசெய்தனர் எனலாம்.

இனித் திருகோணமலைக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. சம்பந்தப்பட்ட மக்களின் விருப்பம் அங்கு கேட்கப்படவில்லை. 1977 ஓகஸ்ட் வன்செயல்களின் பின்னர் தோட்டங்களை விட்டோடிய குடும்பங்கள் வவுனியா, திருகோணமலை மாவட்டங்களிற் காடு திருத்திக் குடியேறின. கட்டடக் கலைஞர் ச. அ. டேவிட், வைத்தியர் இராஜசுந்தரம் ஆகியோர் வழிநடத்திய காந்தீயம் இயக்கம் இம்மக்களுக்குக் காணி, கிணறு, பாலர் பாடசாலை ஆகியவற்றை அமைத்துக்கொடுக்க முயன்றது. நோக்கத்தைப் பொறுத்தவரை இது வலிவடேயினின்று வேறுபட்டதன்று. உழைத்துத் தன் காலில் நிற்கும் சமூகமொன்றை உருவாக்குவதே இரண்டின் இலக்குமாகும்.

முடிவோ முற்றிலும் வேறாக அமைந்தது. 1983 ஏப்ரலில் இயக்கத் தலைவர் இருவருங் கைதாயினர். அவ்வாண்டு யூன், யூலை மாதங்களில் திருகோணமலை மாவட்டத்திற் பரவிய வன்செயல்கள் குடியேறிய மக்களை மீண்டும் வேரோடு பெயர்த்தன. யூலை 27ஆந் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொலையுண்டார். இருபத்துமூன்று ஆண்டுகளின் பின்னரும் இம்மாவட்டத்தில் இதே நிலை தோன்றியது. 2006இற் சம்பூர்த் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்து கிளிவெட்டி முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ நேர்ந்தது. மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு ஓடினர். அவ்வாண்டு ஓகஸ்டில் பிரெஞ்சு நிவாரண நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் மூதூரில் தமது அலுவலக வளவிலேயே கொல்லப்பட்டனர். அவர்களுள் தமிழர் பதினாறு பேர், முஸ்லிம் ஒருவர்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? ஈவோரின் உள்ளத்தில் இரக்கங் குறைந்தமை அன்று. போலந்து அகதிகள் நாட்டை இழந்திருந்தனர். ஆயின் நேச நாடுகள் ஏற்றுக்கொண்ட ஓர் அரசாங்கம் அவர்களுக்காகப் பேசியது. 1945இல் அவ்வங்கீகாரம் நீங்கிய பின்னரும் சர்வதேச நிறுவனங்கள் அவர்களின் பொறுப்பை ஏற்றன. மலையக அகதிகளோ தாம் பிறந்த நாட்டிலேயே நாடற்றவராயிருந்தனர். எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினைக்குச் சட்டரீதியான தீர்வு கிடைப்பதற்கு 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அகதிக்கு உரிமை இல்லாதவிடத்து நிவாரணம் வேர்கொள்வதில்லை என்பது மட்டுமன்று, நிவாரணம் அளிப்பவனும் குற்றவாளியாகக் கருதப்படுகின்றான் என்பதே திருகோணமலை வரலாறு நமக்குப் புகட்டும் பாடமாகும். ‘அகதி’ என்னுஞ் சொல் கதியற்றவரைக் குறிக்கும். கதியற்றோர் இயல்பாகத் தோன்றுவதில்லை. சட்டமும் ஆட்சியுமே அவர்களை ஆக்குகின்றன.

எனவே நமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் முன் ஒரு கடமை உண்டு. பன்குளம், மூதூர், சம்பூர் ஆகிய இடங்களுக்குச் சென்று, 1977ஐயும் 1983ஐயும் 2006ஐயும் நேரிற் கண்டோரின் வாய்மொழியை அவர்களின் சொற்களிலேயே பதிவுசெய்தல் வேண்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என இடம்பெயர்ந்த எவரையும் அப்பதிவு விலக்கலாகாது. வலிவடேயின் சிறுவர்கள் முதுமையடைந்த பின்னரே தம் வரலாற்றைத் தொகுத்து முடித்தனர். 1977இற் காடு திருத்திய தலைமுறையும் இன்று முதுமையை எய்திவிட்டது. இப்பணி இனியுந் தாமதித்தற்குரியதன்று.