மூன்று மாவட்டங்களும் ஒரு புகைப்படமும்

1994. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஸ்ரீபுரந்தான் பிருகதீஸ்வரர் கோயிலுக்கு வந்து, அங்கிருந்த செப்புத் திருமேனிகளைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போது அந்த ஊர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 2006இல் அதே திருமேனிகள் களவு போனபோது பெரம்பலூர் மாவட்டம். களவு வெளியே தெரிந்த 2008இல் அரியலூர் மாவட்டம். ஊர் ஓரடி நகரவில்லை, கோப்புகள்தான் அலுவலகம் அலுவலகமாக நகர்ந்தன. அந்தப் படம் மட்டும் புதுச்சேரியில் பத்திரமாக இருந்தது.

பூசை குறைந்து பூட்டியே கிடந்த கோயில் அது. பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப்போக அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான், எட்டுத் திருமேனிகளும் இல்லை என்பது தெரிந்தது. பக்கத்திலுள்ள சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலிலும் இதே கும்பல் கைவைத்திருந்தது. இரண்டு ஊர்ச் சாமிகளும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்: நியூயார்க் மேடிசன் அவென்யூவில் சுபாஷ் கபூர் நடத்திய கலைப்பொருள் கடை.

2008இல் ஸ்ரீபுரந்தான் நடராஜரை, கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. கூடவே ஒரு கதையும் விற்கப்பட்டது. டெல்லியில் பணியாற்றிய சூடான் தூதரக அதிகாரி ஒருவர் 1970 வாக்கில் இந்தச் சிலையை வாங்கினார், அது முதல் அவர் குடும்பத்திடம்தான் இருந்தது என்றன தாள்கள். ஏன் 1970? கலாசாரச் சொத்துகள் கள்ளத்தனமாக நாடு கடப்பதைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை பிறந்த ஆண்டு அது. இந்தியாவின் தொல்பொருள் சட்டம் வந்தது 1972இல். அதற்கெல்லாம் முன்பே வெளியேறிவிட்டதாகக் காட்டினால் கேள்வி வராது என்பது கணக்கு.

அந்தக் கணக்கை உடைத்தது 1994ஆம் ஆண்டுப் படம். 1970இலேயே டெல்லியில் விலைபோன சிலை, 24 ஆண்டு கழித்து ஸ்ரீபுரந்தானில் எப்படி நின்றது?

இரண்டும் ஒரே சிலைதான் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் வார்ப்பார்கள். உலோகம் ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சாமி. திருவாசியின் சுடர்களை எண்ணலாம், முறிந்த நுனிகளைப் பார்க்கலாம், பீடத்தின் நெளிவுகளை ஒப்பிடலாம். மனிதருக்குக் கைரேகை போல, திருமேனிக்கு அதன் குறைகளே சாட்சி.

இந்த ஒப்பீட்டை முதலில் செய்தவர்களில் அரசு ஊழியர் அல்லாதவர்களும் உண்டு. சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்த எஸ். விஜய்குமாரும் நண்பர்களும் இரவு இரவாக ஏல நிறுவனங்களின் இணையப் பக்கங்களையும் அருங்காட்சியகப் பட்டியல்களையும் துழாவி, பழைய படங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

கபூர் 2011 அக்டோபர் 30 அன்று பிராங்பர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். தமிழகக் காவல்துறை கேட்டு, இன்டர்போல் விடுத்திருந்த சிவப்பு அறிவிப்பின் பலன் அது. 2012 ஜூலையில் ஜெர்மனி அவரை ஒப்படைத்தது. அதே ஆண்டு அமெரிக்க அதிகாரிகள் அவருடைய கிடங்குகளைச் சோதித்தார்கள். 2014 செப்டம்பரில் டெல்லி வந்த ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட், நடராஜரையும் விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரையும் பிரதமர் மோடியிடம் திருப்பித் தந்தார். ஸ்ரீபுரந்தான் பிள்ளையார் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்திலிருந்து மீண்டார். உடையார்பாளையம் காவல் நிலையத்தில் பதிவான வழக்கில் 2022 நவம்பர் 1 அன்று கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது.

ஜெர்மனியும் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கைகொடுத்தன என்று பெருமையாகச் சொல்கிறோம். அவர்கள் கைகொடுக்க இங்கிருந்து ஒரு முதல் தகவல் அறிக்கையும் ஒரு படமும் போக வேண்டியிருந்தது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் நடராஜர் இன்றும் கான்பெராவில்தான் நின்றிருப்பார்.

எல்லை தாண்டும் களவு சிலைகளோடு நிற்கவில்லை. இன்றைக்கு இதே உடையார்பாளையத்தில் ஒருவருடைய சேமிப்பு, ஓர் அலைபேசி அழைப்பில் கம்போடியாவுக்கோ மியான்மருக்கோ போய்விடக்கூடும். அங்கே மோசடி முகாம்களில் உட்கார்ந்து பேசுபவர்களில், வேலை என்று நம்பிப்போய்ச் சிக்கிய நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மியான்மரின் மியாவாடியில் மாட்டிக்கொண்ட தமிழக இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில்தான் ஊர் திரும்பினார்கள். இந்த வழக்குகளிலும் இன்டர்போலிடம் போக சி.பி.ஐ. வழியாகத்தான் போக வேண்டும். சைபர் குற்றங்களுக்கான 2001இன் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஐ.நா. பொதுச்சபை சைபர் குற்றத்துக்கான தனி உடன்படிக்கையை ஏற்றதே 2024 டிசம்பரில்தான். நாடுகளுக்கிடையே 24 மணி நேரமும் இயங்கும் தொடர்பு மையங்கள் வேண்டும் என்கிறது அது. அவசியமான ஏற்பாடு. சிலை ஆறு வருடம் காத்திருக்கும், வெண்கலம் கரையாது. பணம் சில மணி நேரத்தில் பத்துக் கணக்கு மாறிவிடும். இங்கே அந்தப் பழைய படத்தின் வேலையைச் செய்வது பரிவர்த்தனை எண்ணும், சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு உடனே செய்யும் அழைப்பும்தான்.

மறுபடி சிலைகளுக்கே வருவோம். அரியலூர் மாவட்டம் பொட்டவெளி வெள்ளூர் பெருமாள் கோயிலிலிருந்து 2012 ஏப்ரலில் ஒரு ஆஞ்சநேயர் திருடுபோனார். நியூயார்க்கின் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 37,500 டாலருக்கு விலைபோனார். வாங்கியவர் இருந்தது ஆஸ்திரேலியாவில். களவுப்பொருள் என்று அவருக்குத் தெரியாது. அமெரிக்க அதிகாரிகள் அதைக் கைப்பற்றி, 2022இல் கான்பெராவில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைத்தார்கள். 2023இல் சிலை தமிழகம் வந்தது. எந்த ஊர்ச் சாமி என்று காட்டிக்கொடுத்தது, பிரெஞ்சு நிறுவனத்தார் 1961இல் எடுத்துவைத்திருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.