பட்டாசு ஆலையில் அடிபட்டால் யார் காசு தரணும்? நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு: தொழிலாளர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஏழாயிரம்பண்ணை:

சாத்தூர் அருகே உள்ள ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் வெடி விபத்து என்றால் உடனே அரசு நிவாரணம் அறிவிக்கப்படும். அதிகாரிகள் வீடு தேடி வந்து காசோலை கொடுப்பார்கள். "அரசாங்கம்தான் குடுத்துருச்சே, இனி என்ன இருக்கு?" என்று பல குடும்பங்கள் அதோடு விட்டு விடுகின்றன.

இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். நிவாரணம் என்பது அரசு மனம் இரங்கி கொடுப்பது. இழப்பீடு என்பது வேலை வாங்கிய முதலாளி சட்டப்படி கொடுத்தே தீர வேண்டிய பணம். நிவாரணம் வாங்கிவிட்டதால் இழப்பீட்டு உரிமை போய் விடாது. இரண்டையும் வாங்கலாம்.

அச்சங்குளம் சொல்லும் பாடம்

2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி ஏழாயிரம்பண்ணை அருகே அச்சங்குளத்தில் உள்ள பட்டாசு ஆலையில் பயங்கர வெடி விபத்து நடந்தது. 20-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பலியானார்கள். பலர் தீக்காயத்துடன் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டனர்.

இறந்தவர்கள் குடும்பத்துக்கு தமிழக அரசு தலா 3 லட்சம் ரூபாயும், பிரதமர் நிவாரண நிதியில் இருந்து தலா 2 லட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டது. கதை அதோடு முடியவில்லை.

பத்திரிகை செய்தியை பார்த்து தேசிய பசுமை தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. நேரில் விசாரிக்க ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில் குழு போட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2021 ஜூன் மாதம் உத்தரவிட்டது. காயம் பட்டவர்களுக்கும் தீக்காயத்தின் அளவை பொறுத்து தனித்தனி தொகை சொன்னது.

3 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நிவாரணத்துக்கும் இழப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் ஒவ்வொரு விபத்துக்கும் தீர்ப்பாயம் தானாக வராது. ஒருவர், இருவர் காயம்படும் விபத்துகள் பேப்பரில் நாலு வரியோடு போய்விடுகின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு கைகொடுப்பது தொழிலாளர் இழப்பீட்டு சட்டம்தான்.

எந்த சட்டம்?

1923-ம் ஆண்டு முதல் இருந்து வந்தது தொழிலாளர் இழப்பீட்டு சட்டம். 2025 நவம்பர் 21-ந்தேதி புதிய தொழிலாளர் சட்ட தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அன்று முதல் இந்த உரிமை சமூக பாதுகாப்பு சட்ட தொகுப்பில் சேர்க்கப்பட்டு விட்டது. அதற்கு முன்பு நடந்த விபத்துகளுக்கு பழைய சட்டப்படி கேட்கலாம். பெயர் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: வேலை செய்யும்போது, வேலை காரணமாக அடிபட்டால் முதலாளி பணம் தர வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்கு மட்டும் வழி வேறு. அவர்கள் முதலாளியிடம் கேட்க முடியாது, ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். ஊனம் ஏற்பட்டால் உதவித்தொகையும், இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பென்சன் போன்ற தொகையும் கிடைக்கும். அதனால் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்பதை வேலைக்கு சேரும்போதே கேட்டு வைத்துக் கொள்வது நல்லது.

"உன் தப்புதான்" என்று சொன்னால்?

விபத்து நடந்ததும் முதலில் வரும் பேச்சு இதுதான். "மருந்தை வேகமா தேய்ச்சுட்டான்", "கவனக்குறைவா இருந்துட்டா" என்பார்கள்.

இந்த சட்டத்தில் யார் தப்பு என்ற கேள்வியே கிடையாது. கவனக்குறைவு என்று சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியாது. குடிபோதையில் வேலை செய்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்பு சாதனத்தை தெரிந்தே கழற்றியது ஆகிய காரணங்களைத்தான் முதலாளி சொல்ல முடியும். தொழிலாளி இறந்து விட்டாலோ, இனி எந்த வேலையும் செய்ய முடியாத அளவுக்கு நிரந்தர ஊனம் ஆனாலோ அந்த காரணங்களும் செல்லாது.

வெடித்தால்தான் பணம் என்றும் இல்லை. ஆலைக்குள் வழுக்கி விழுந்து காலை ஒடித்தாலும், மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்தாலும், இயந்திரத்தில் விரல் போனாலும் இதே உரிமை உண்டு. வேலை பார்க்க முடியாத நாட்கள் 3-க்கு மேல் போக வேண்டும், அவ்வளவுதான்.

காலையில் வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது கவிழ்ந்தால்? வீட்டில் இருந்து வேலைக்கு போகும் வழியிலோ, திரும்பி வரும் வழியிலோ நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருந்தால், புதிய சட்டம் வேலை விபத்தாகவே எடுத்துக் கொள்கிறது.

லைசென்ஸ் ஒருவர், குத்தகை இன்னொருவர்

அச்சங்குளம் ஆலையில் உரிமம் ஒருவர் பேரில் இருந்தது. ஷெட்டுகளை குத்தகைக்கு எடுத்து வேலை நடத்தியவர்கள் வேறு ஆட்கள். இந்த பகுதியில் இது புதுசு இல்லை. விபத்து நடந்ததும் "நான் குத்தகைக்கு விட்டுட்டேன்" என்பார் ஒருவர். "ஆலை என்னுது இல்ல" என்பார் இன்னொருவர்.

தொழிலாளி இதில் குழம்ப வேண்டாம். தன் தொழில் வேலையை காண்டிராக்டரிடம் கொடுத்து செய்யும் உரிமையாளரிடமும் இழப்பீடு கேட்க சட்டம் இடம் கொடுக்கிறது. அவர் பணத்தை கொடுத்துவிட்டு காண்டிராக்டரிடம் வசூலித்துக் கொள்ளட்டும். மனுவில் லைசென்ஸ்தாரர், குத்தகைக்காரர், காண்டிராக்டர் என எல்லோர் பெயரையும் சேர்ப்பதே பாதுகாப்பு. லைசென்ஸ் இல்லாத இடத்தில் வேலை வாங்கியது முதலாளியின் குற்றம். அதனால் தொழிலாளியின் உரிமை போகாது.

எவ்வளவு கிடைக்கும்?

கணக்கு சுலபம். மாத சம்பளம், வயது, ஊனத்தின் அளவு ஆகிய மூன்றும்தான் முக்கியம். ஒவ்வொரு வயதுக்கும் சட்டத்தில் ஒரு எண் இருக்கிறது. 25 வயதுக்கு 216.91, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09.

இறந்து விட்டால்: மாத சம்பளத்தில் 50 சதவீதத்தை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயது தொழிலாளி, மாத சம்பளம் 12 ஆயிரம் ரூபாய் என்றால் 12 லட்சத்து 47 ஆயிரத்து 880 ரூபாய்.

முழு ஊனம் ஆனால்: 60 சதவீதத்தை பெருக்க வேண்டும். அதே தொழிலாளிக்கு 14 லட்சத்து 97 ஆயிரத்து 456 ரூபாய்.

ஒரு பகுதி ஊனம் ஆனால்: மேலே சொன்ன தொகையில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனதோ அவ்வளவு சதவீதம். கட்டை விரல் போனால் 30 சதவீதம், ஒரு கண் போய் மற்ற கண் நன்றாக இருந்தால் 40 சதவீதம், ஒரு கையில் நாலு விரலும் போனால் 50 சதவீதம். நம்ம உதாரண தொழிலாளிக்கு ஒரு கண் போனால் ஏறத்தாழ 5 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய். தீக்காயத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை டாக்டர் சான்றிதழை வைத்து முடிவு செய்வார்கள்.

தற்காலிகமாக வேலைக்கு போக முடியாவிட்டால்: 15 நாளுக்கு ஒரு முறை மாத சம்பளத்தில் 25 சதவீதம். வேலையில் பட்ட காயத்துக்கு ஆன மருத்துவ செலவையும் முதலாளியே தர வேண்டும்.

கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு மத்திய அரசு உச்சவரம்பு வைக்கும். பழைய சட்டத்தில் 2020 ஜனவரி முதல் அது மாதம் 15 ஆயிரம் ரூபாய். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர்கள் "எனக்கு மாச சம்பளமே இல்லையே" என்று கவலைப்பட வேண்டாம். வாங்கிய கூலியை வைத்து மாத சராசரி போடுவார்கள்.

ஒரு மாதத்துக்குள் பணம் தராவிட்டால் வட்டி சேரும். காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை கூடுதலாக கட்ட வைக்கலாம்.

பிணவறை வாசலில் பேரம் வேண்டாம்

உயிர் போன குடும்பத்திடம் ஆஸ்பத்திரி வாசலிலேயே பேசி முடிப்பது நடக்கிறது. "இந்தா இவ்வளவு, ஒரு கையெழுத்து போடுங்க" என்று காகிதத்தை நீட்டுவார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் போட்டு விடுகிறார்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். மரண இழப்பீட்டை முதலாளி நேரடியாக குடும்பத்தின் கையில் கொடுப்பது சட்டப்படி இழப்பீடு கொடுத்ததாக ஆகாது. இழப்பீட்டு அதிகாரியிடம்தான் பணத்தை கட்ட வேண்டும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என யாருக்கு எவ்வளவு என்று அவர் பிரித்து கொடுப்பார். சின்ன பிள்ளைகளின் பங்கை பத்திரமாக போட்டு வைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

"இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதி கொடுத்திருந்தாலும் அந்த எழுத்து உரிமையை பறிக்காது. அதற்காக கையெழுத்து போடலாம் என்று அர்த்தம் இல்லை. வெற்று பேப்பரில் மட்டும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது.

இன்னொன்று அட்வான்ஸ். தீபாவளிக்கோ, கல்யாண செலவுக்கோ வாங்கிய முன்பணத்தை இழப்பீட்டில் கழித்துக் கொள்கிறேன் என்று முதலாளி சொல்ல முடியாது. கடன்காரர்களும் இந்த பணத்தில் கை வைக்க முடியாது.

அடிபட்டதும் செய்ய வேண்டியவை

* முதலில் ஆஸ்பத்திரி. எங்கே, எப்படி, எந்த ஆலையில் அடிபட்டது என்பதை டாக்டரிடம் தெளிவாக சொல்லி பதிய வைக்க வேண்டும். "வீட்டுல அடுப்பு வெடிச்சுச்சுன்னு சொல்லு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த ஒரு வரியில் கேஸே போய்விடும்.

* போலீசில் புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். காப்பி வாங்க வேண்டும். இது இலவசம்.

* மருத்துவ பில், டிஸ்சார்ஜ் சீட்டு, ஊன சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்க வேண்டும்.

* அந்த ஆலையில் வேலை பார்த்ததற்கு ஆதாரம் முக்கியம். கூலி நோட்டு, சம்பள கவர், பேங்க் பாஸ்புக், போர்மேனோடு பேசிய போன் பதிவு, கூட வேலை பார்த்தவர்களின் சாட்சி எல்லாமே உதவும்.

* விபத்து நடந்த அல்லது இறந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். நாள் கடந்தால் தகுந்த காரணம் காட்ட வேண்டி வரும்.

எங்கே போகணும்?

தொழிலாளர் துறையில் இதற்கென்று இழப்பீட்டு அதிகாரி இருக்கிறார். எந்த அலுவலகம் என்பதை மாவட்ட தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். விபத்து நடந்த ஊரில் மட்டும் இல்லாமல், தொழிலாளியோ குடும்பமோ வசிக்கும் ஊரிலும் மனு போடலாம். வட மாநிலத்தில் இருந்து வந்து வேலை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

வக்கீல் வைக்க காசு இல்லையா? பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலை தொழிலாளர்கள், தொழிற்சாலை பேரழிவில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரப்படும். ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.

பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்பு செலவை அரசே ஏற்கும் என்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 2024 நவம்பரில் விருதுநகரில் அறிவித்தார். அதற்கு கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். இதுவும் இழப்பீட்டில் சேராது.

கடையில் வழுக்கி விழுந்தால்?

ஆலைக்கு மட்டும்தானா என்று கேட்கலாம். ஜவுளிக்கடையிலோ, சூப்பர் மார்க்கெட்டிலோ வேலை பார்ப்பவர் ஈர தரையில் வழுக்கி விழுந்தாலும் மேலே சொன்ன அதே உரிமை உண்டு.

பொருள் வாங்க போனவர் விழுந்தால் வழி வேறு. அவர் நுகர்வோர். தரை துடைத்துவிட்டு எச்சரிக்கை பலகை வைக்கவில்லை, படி உடைந்து கிடந்தது என்று கடைக்காரரின் அலட்சியத்தை காட்டினால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் செய்யலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பில், விழுந்த இடத்தின் போட்டோ, டாக்டர் சீட்டு ஆகியவை கையில் இருக்க வேண்டும். கேமரா பதிவை அழித்து விடாமல் பத்திரப்படுத்தும்படி கடைக்கு அன்றைக்கே எழுதி கொடுப்பது நல்லது. நுகர்வோர் உதவி எண் 1915.

தொழிலாளிக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று என்று கதவு வேறாக இருக்கலாம். 2 வருட கெடு இரண்டுக்கும் ஒன்றுதான். காயம் ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் நாள் ஓடிவிடும். காகிதங்களை இன்றைக்கே சேர்க்க ஆரம்பியுங்கள்.