கரீபியன் கப்பலும் குமுதினி ஓடிய கடலும்

2023 ஜூன் 16ஆம் திகதி சென்னையிலிருந்து வந்த கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பல் காங்கேசன்துறையை அடைந்தது. 1990இல் கட்டப்பட்ட இந்தக் கப்பல் முன்பு பஹாமாஸ், கரீபியன் பக்கம் ஓடியது. தங்குமிடமும் சாப்பாடும் கப்பலிலேயே. துறைமுகத்தில் இறங்கி, சில மணிநேரம் ஊர் பார்த்துத் திரும்ப வேண்டும்.

அந்த நேரம் யாழ் நகருக்குப் போதும், தீவுகளுக்குப் போதாது. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகாட்டுவான் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து நயினாதீவு கால்மணிநேரம், நெடுந்தீவு ஏறக்குறைய ஒரு மணிநேரம். குடும்பமாகப் போகிறவர்கள் திரும்பும் படகின் நேரத்தை முதலில் விசாரிக்கவேண்டும். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோவிலின் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு. நெடுந்தீவுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோவதே நல்லது. படகில் இடத்தை நோயாளருக்கும் ஆசிரியருக்கும் விட்டுக்கொடுங்கள். எங்களுக்கு அது சுற்றுலா, அவர்களுக்கு அதுதான் பாதை.

இதே பாதையில்தான் 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தைகள் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 36 பேர் என்பதே ஊரின் கணக்கு. சாட்சிகள் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். படகு திருத்தப்பட்டு மறுபடியும் சேவைக்கு வந்தது. வேறு படகு எங்கே இருந்தது?

நெடுந்தீவில் இறங்கியதும் ஒல்லாந்தர் கோட்டை, பெருக்குமரம், குதிரைகள் என்று முச்சக்கரவண்டிக்காரர் அழைப்பார்கள். குமுதினி நினைவிடம் மாவிலித்துறையிலேயே இருக்கிறது. வண்டி தேவையில்லை.