சீஷீயின் எழிலும் ஊ நாட்டின் வீழ்ச்சியும்

பண்டைச் சீனர் பெண்ணெழிலுக்கு எல்லையாகக் கொண்டவள் யூவே நாட்டு நங்கை சீஷீ. யூவே மன்னன் கோசியன் அவளை ஊ மன்னன் பூசாய்க்கு விடுத்து, அவன் அவள்பால் மயங்கிக் கிடந்த காலத்து அந்நாட்டை அழித்தான் என்பது வழிவழி வரும் கதை. ஊ அழிந்தது கி.மு. 473 இல். கதையும் அத்துணைப் பழமையுடையதுதானா என்பதே ஈண்டு நாம் ஆராய்வது.

இரு நாட்டுப் போர்களையும் உரைக்கும் சோச்சுவான் என்னும் பழைய வரலாற்று நூல் சீஷீயைக் குறிக்கவில்லை. கி.மு. 91 அளவில் நிறைவுற்ற சுமா சியனின் பெருவரலாறு, கோசியன் ஊ நாட்டு அமைச்சனுக்கு அழகிய மகளிரையும் அரும்பொருள்களையும் கையுறையாக விடுத்தமையைக் கூறும். அம்மகளிருள் சீஷீ இருந்தாள் எனக் கூறாது.

மெய்யியலாரோ அவளை நன்கறிவர்; ஆயினும் உவமையாகவே ஆளுவர். அவள்மேலும் அழுக்குப் படியின் காண்போர் மூக்கைப் பொத்திக்கொள்வர் என்பார் மெங்சு. நெஞ்சுநோயால் அவள் புருவம் நெரித்தது கண்டு, அழகிலாள் ஒருத்தி தானும் நெரித்து ஊராரை ஓட்டிய கதை சுவாங்சு நூலில் உண்டு. அவளைப் புகழ்வதால் நம் முகம் திருந்தாது, மையும் பூச்சுமே உதவும் என்பது ஹான் பெய்யின் கருத்து. (இக்கூரிய நகை அரசியல் பற்றி எழுந்தது!) இவருள் ஒருவரும் அவள் உறுப்புநலனை விரித்திலர். அதனை அறிய விழைவோர் வெய் நாட்டரசி சுவாங் சியாங்கைப் பாடும் பழந்தொகைப் பாட்டையே நாடல் வேண்டும். நெடிய உருவமும் வெண்மேனியும் பட்டுப்பூச்சியின் உணர்கொம்பு போன்ற புருவமும் அங்குப் போற்றப்படுகின்றன.

சீஷீயை விறகு விற்போன் மகளாகவும், மூன்றாண்டு நடையும் கோலமும் பயிற்றி ஊ நாட்டிற்கு அனுப்பப்பட்டவளாகவும் காட்டுவது கி.பி. முதல் நூற்றாண்டினரான சாவோ யேயின் நூல். இடையில் கழிந்தவை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல். கி.மு. 484 இல் பூசாய் தன் தலைசிறந்த அமைச்சன் ஊ சூசுவை மாய்வித்தான். 482 இல் வடபுலத் தலைமை வேட்டுப் படையுடன் சென்றபோது யூவேப் படை அவன் நாட்டுட் புகுந்தது. இவையிருக்கப் பழியை அவள்மேல் ஏற்றியது முறையன்று என்பது எம் துணிபு. ஒன்பதாம் நூற்றாண்டுப் புலவர் லுவோ யின்னும் அப்பழியை மறுத்துப் பாடியுள்ளார்.

அவள் முடிவு பற்றியும் நூல்கள் ஒவ்வா. தன் அழகினாலேயே நீரில் அமிழ்ந்தாள் என்னும் குறிப்பு மோசு நூலில் உளது. பிற்காலத்தார் அவளைப் பான் லி என்னும் யூவே அமைச்சனுடன் ஓடமேற்றி ஏரிவழியே அனுப்பிவிட்டனர்.