சாவி நம் கையில், மண் யார் பெயரில்?

சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் ஏறினால் சமண முனிவர்களின் கற்படுக்கைகள். அதில் ஒன்றில், எந்த ஊரில் பிறந்தவருக்காக யார் செய்து கொடுத்த இருக்கை இது என்று தமிழி எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். சுமார் 2000 ஆண்டுகளாக அந்தப் பெயர்கள் நிற்கின்றன. உடைமையைத் துறந்தவருக்கே பெயர் பொறித்த இடம் இருந்த நாட்டில், உழைத்த சேரிக்குத் தன் பெயரில் குடிசை போட ஒரு குழி மண் இல்லை.

குடியிருப்பவருக்கே வீட்டைச் சொந்தமாக்கும் பேச்சு இங்கே சட்டமானது 1971இல். அந்த ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. கிராமத்துக்கு வந்தது குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம். மிராசுதாரர் மண்ணில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிக்கு அந்த மனையையே உடைமையாக்கியது அது. நகரத்துக்கு வந்தது குடிசைப் பகுதிச் சட்டம். 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் சென்னையில் மாடிக் குடியிருப்புகள் கட்டியது. அவற்றில் குடியேறியவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். ஆனால் கிராமத்துக் கூலி மனைக்காரரானார். நகரத்துக் கூலி வாரியத்தின் வாடகைக்காரரானார்.

1977இல் உலக வங்கித் திட்டம் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் திட்டமிட்டு மனை பிரித்துத் தவணையில் விற்றார்கள். வாரிய வீடுகளையும் குடியிருப்பவருக்கே தவணையில் விற்பது என்றானது. நல்லதுதான். ஆனால் பல குடியிருப்புகளின் அடிமண் வாரியத்தின் பெயரில் இல்லை, வேறு துறைகளின் பெயரில் இருந்தது. தன் பெயரில் இல்லாத மண்ணுக்கு வாரியம் எப்படிக் கிரயம் எழுதும்? தவணையைக் கட்டி முடித்தவரும் பத்திரத்துக்கு அலைந்தார். மாடி வீட்டின் சுவர் நாற்பது ஆண்டில் பெயர்ந்து விழும். மிஞ்சுவது மண்ணில் உள்ள பிரிபடாத பாகம் மட்டுமே. அது பத்திரத்தில் இல்லையென்றால், இடித்துக் கட்டும்போது சொந்தக்காரர் மறுபடி 'பயனாளி' ஆகிவிடுகிறார்.

பிரிட்டன் 1980இல் இதையே பெரிய அளவில் செய்தது. ஸ்டீவனேஜ் போன்ற புதுநகரங்களிலும் அரசு வீட்டில் மூன்றாண்டு வாடகைக்கு இருந்தவர் சந்தை விலையில் 33 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடியில் வாங்கலாம் என்று அப்போது சட்டம் வந்தது. தொழிலாளர் குடும்பங்கள் லட்சக்கணக்கில் சொந்தக்காரரானார்கள். விற்ற அளவுக்கு அரசு திரும்பக் கட்டவில்லை. அடுத்த தலைமுறை ஏழைக்கு அரசு வீடு அரிதானது. ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் அந்த உரிமையை நிறுத்திவிட்டன.

"பட்டா கொடுத்தால் விற்றுத் தின்றுவிடுவார்கள்" என்று இங்கே அதிகாரிகள் சொல்வது வழக்கம். பஞ்சமி நிலத்தை நினைத்துப் பாருங்கள். 1892இல் சென்னை மாகாண அரசு, பிறருக்கு விற்கக் கூடாதென்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது. அப்படியும் பறிபோனது. தடை எழுதியிருந்தது, பதிவேடு வைத்திருந்த கை நம்முடையதல்ல.

ஆகவே கேட்க வேண்டியது மூன்று. கிரயப் பத்திரத்தில் மண்ணின் பாகம் எழுதப்பட வேண்டும். வீட்டுப் பெண்ணின் பெயர் அதில் இருக்க வேண்டும். ஒரு வீடு விற்றால் ஒரு வீடு புதிதாகக் கட்ட வேண்டும். புதுக்கோட்டைக் கிராமங்களின் தொகுப்பு வீடுகளில் இருப்பவர்களும் சுவரைப் பார்ப்பதோடு நிற்காமல் பட்டாவை எடுத்துப் படியுங்கள். மனை யார் பெயரில் இருக்கிறது?